சில்லறைப் புத்தி

நியூஜெர்சியில் இருக்கிற என் மைத்துனன் சனிக்கிழமைகளில் வங்கிக்குப் போய் ஒரு பெட்டி காசு வாங்கிக்கொண்டு வருவான். பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றிய 50 உருளைகள். உருளைக்கு 50 சென்ட் காசு. மொத்தம் 25 டாலர். மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, 1958 வரைக்கும் அடித்த கோதுமைக் கதிர் சென்ட் ஏதாவது அகப்படுகிறதா என்று துழாவுவான். அகப்பட்டால் எனக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டுவான். அகப்படாததையெல்லாம் திங்கட்கிழமை வேறொரு வங்கியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவான். வாங்கின இடத்திலேயே கட்டினால் அதே காசு அடுத்த வாரம் அவனிடமே திரும்பி வந்துவிடுமாம். கவுண்டரில் இருக்கிற பெண்மணி இவனைப் பார்த்ததும் "இந்த வாரம் ஏதாவது கிடைத்ததா?" என்று அக்கறையாக விசாரிப்பாளாம். 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் கடைசி சென்ட்டை அடித்து அந்தக் காசுக்கே அமெரிக்கா முழுக்குப் போட்டபோது தொலைபேசியில் அவனுக்குத் தொண்டை அடைத்தது. அவன் அப்பா காலமானபோதுகூட இவ்வளவு அடைக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். காலமானவர் அவளுக்கும் அப்பா என்பதால் நான் கருத்துச் சொல்லவில்லை.

நானும் காசு சேர்ப்பவன்தான். ஆனால் நான் இருப்பது டெல்லி ஜனக்புரியில்.

இங்கே உருளை கிடையாது, மூட்டை. நம் நாட்டில் காசு அடிக்கிற இடங்கள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. அடித்த காசு மூட்டையாகி ரிசர்வ் வங்கிக்குப் போகும். அங்கிருந்து கரன்சி செஸ்ட் என்கிற பணக்கிடங்கு வைத்திருக்கிற பெரிய கிளைகளுக்கு, அங்கிருந்து தெருமுனைக் கிளைகளுக்கு. கடைசிப்படியில் மூட்டை பிரிந்து, நூறு காசு கொண்ட பாலிதீன் பாக்கெட்டாக நம் கைக்கு வரலாம். வராமலும் போகலாம்.

இதில் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் பூகோளம் சம்பந்தப்பட்டது. ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தில் நீலத் தடமும் மெஜந்தா தடமும் சந்திக்கின்றன. நீலத்தில் ஏறினாலும் நொய்டாவுக்குப் போகலாம். மெஜந்தாவில் ஏறினாலும் நொய்டாவுக்குப் போகலாம். 1988லிருந்து அங்கே இரவும் பகலுமாகக் காசு அடிக்கிறார்கள். ஆனால் அந்தக் காசு என்னிடம் வர வேண்டுமானால் சன்சத் மார்க் ரிசர்வ் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கட்டட வாசலில் ராம்கிங்கர் பைஜ் வடித்த யக்ஷனும் யக்ஷியும் கல்லாக நிற்கிறார்கள். செல்வத்துக்குக் காவலாம். அவர்களைத் தாண்டி வந்துவிடுகிற காசு, எங்கள் பேட்டைக் கேஷியரைத் தாண்டி வருவதில்லை.

சேர்ப்பவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷம் பொறித்திருக்கிற இடத்துக்குக் கீழே கண்ணில் விழுந்த தூசி மாதிரி ஒரு குறி இருக்கும். புள்ளி என்றால் நொய்டா. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். சாய்சதுரம் என்றால் மும்பை. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பழம்பெரும் ஸ்தாபனம், விலாசம் போட வேண்டும் என்று தோன்றவில்லை போலும். ஒரே வருஷம், ஒரே ஒரு ரூபாய், ஆனால் நான்கு குறி என்றால் எனக்கு நான்கு காசு. தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000ஐ ஒட்டியும் தட்டுப்பாடு வந்து, நம் காசை வெளிநாட்டில் அடித்து வாங்கினோம். ஸ்லோவாக்கியாவில் கிரெம்னிட்சா, ரஷ்யாவில் மாஸ்கோ, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா என்று அந்தந்த ஊர்க் குறியோடு நம் சிங்கங்கள் வந்து இறங்கின. அவை இன்னும் எங்கேயோ ஒரு கல்லாவில், எலுமிச்சம்பழத் தோலுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றை நான் தேடுகிறேன். இதில் மனநோய் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கேஷியருக்குப் புரிந்தது.

வங்கியில் நான் நிற்கிற வரிசையைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். எனக்கு முன்னால் ஜூஸ் கடைக்காரர், கையில் காசுப் பை. அவருக்கு முன்னால் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவர், துண்டில் முடிந்த காசு. எல்லோரும் காசைக் கொடுத்துத் தொலைக்க வந்தவர்கள். கேஷியர் ரோத்தக் பக்கத்து இளைஞர், நல்ல ஆகிருதி. காசுப் பையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு மெஷின் கெட்டுப்போகும், சர்வர் படுத்துவிடும், சாப்பாட்டு நேரம் வந்துவிடும். காசை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை விடுகிறது. அவரும் மறுக்கவில்லையே, சாப்பிடத்தானே போகிறார்!

இந்த வரிசையில் என் முறை வருகிறது. நான் நூறு ரூபாய்க்குச் சீட்டு எழுதி நீட்டி, "ஏக் ருப்யே கே சிக்கே, பூரா பாக்கெட்" என்கிறேன். ஒரு ரூபாய்க் காசு, முழுப் பாக்கெட். அவர் சீட்டைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். எனக்குப் பின்னால் யாராவது படம் பிடிக்கிறார்களா என்று பார்க்கிறார்.

"சிக்கே... லேனே ஹைன்?"

வாங்கத்தான் வந்தேன் என்றேன். அவர் அனுபவத்தில் அந்தக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து யாரும் உச்சரித்திராத வாக்கியம். "க்யா கரோகே சார் ஜி இத்னே சிக்கோன் கா?" என்று கேட்டார். இவ்வளவு காசை வைத்து என்ன செய்வீர்கள் என்று. கேள்வியில் கோபம் இல்லை. தண்டவாளத்துப் பக்கமாகத் தனியே நடந்து போகிற ஆளிடம் "எங்கே போறீங்க அண்ணா?" என்று கேட்கிற குரல்.

அவர் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. 2007ல் நம் ஒரு ரூபாய்க் காசை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவரப் பிளேடு செய்கிறார்கள் என்று கொல்கத்தாவிலிருந்து செய்தி வந்தது. ஒரு ரூபாய்க் காசில் ஐந்தாறு பிளேடு தேறுமாம். அந்தக் காலத்தில் டெல்லிக் கடைகளில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் அதுதான். அப்புறம் காலம் கவிழ்ந்தது. 2018 ஜனவரியில், அடித்த காசை வைக்க இடமில்லை என்று நான்கு நாணயச்சாலைகளிலும் புழக்கக் காசு அடிப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். பிளேடுக்காகக் கடத்தப்பட்ட வஸ்து பத்தே வருஷத்தில் கிடங்கு கொள்ளாத வஸ்து ஆகிவிட்டது. இப்போது அதைத் தேடி ஒருத்தன் வருகிறான், அதுவும் முகத்தை மழித்துக்கொண்டு வருகிறான் என்றால் கேஷியர் யோசிக்கத்தானே வேண்டும்?

மேனேஜருக்கு விஷயம் போயிற்று. அவர் நேர்மாறு. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். டீ வந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது: காசை மக்களிடம் சேர்த்தால் ரிசர்வ் வங்கி மூட்டைக்கு இவ்வளவு என்று வங்கிகளுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது. முன்பு 25 ரூபாய். 2021 செப்டம்பரிலிருந்து 65. சுயபுத்தியோடு, சொந்தக் காலில் நடந்து வந்து காசு கேட்கிற ஆள் அவர் கனவில் வருகிற ஆள். "ஒரு மூட்டையாவே எடுத்துக்கோங்களேன், ஜி" என்றார். ஒரு பாக்கெட் போதும் என்றேன். "ரெண்டு ரூபாயிலேயும் இருக்கு. பத்து ரூபாயிலேயும் இருக்கு. இருபதுகூட இருக்கு" என்று புடவைக்கடை சிப்பந்தி மாதிரி ரகம் ரகமாக விரித்தார். கடைசியில், "பாத் க்யா ஹை, கோயில் கட்டறீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

சேர்க்கிறேன் என்றேன். சேமிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு ரெக்கரிங் டெபாசிட் விண்ணப்பத்தை நீட்டினார்.

பாக்கெட் வந்தது. பளபளவென்று, பிறந்த மேனிக்கு, நூறு ஒரு ரூபாய். கேஷியர் பெருமையோடு "ஏக்தம் நயா" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நூறும் அதே வருஷம். நூறும் புள்ளி. மெட்ரோவில் ஒரே சீட்டில் போய் எட்டிப் பார்த்துவிடக்கூடிய நொய்டா. இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? முதல் காசைப் பார்த்துவிட்டால் தொண்ணூற்றொன்பது காசு தண்டம்.

எனக்கு வேண்டியது பழசு. பல ஊர் சுற்றி, பல கை மாறி, விபூதி ஒட்டி, பான் கறை படிந்து வந்த காசு. ஹைதராபாத் நட்சத்திரம் டெல்லிக்குத் தானாக வராது. யாராவது பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தால்தான் உண்டு. ஆகவே அடுத்த தடவை போனபோது, புதுசைத் திருப்பித் தள்ளி, "புரானா தேதோ, கந்தா வாலா" என்றேன். பழசு கொடுங்கள், அழுக்காக இருப்பது. அன்றைக்குத்தான் கேஷியரின் சந்தேகம் ஊர்ஜிதம் ஆனது. ஜூஸ் கடைக்காரர் கொண்டுவந்த பையை, நான் கேட்கிறேன் என்றதும், எண்ணிப் பார்க்காமலே என் பக்கம் தள்ளினார். ஜூஸ் கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கி எனக்கு ஆசீர்வாதம் செய்தார். அவரைவிட நான் இருபது வயது பெரியவன்.

என் மனைவி தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காசை எண்ணாமல் வாங்கி வருகிற ஆளோடு குடித்தனம் பண்ணுவது அவளுக்குத் தொழில்ரீதியாகவே இழுக்கு. "என்னங்க, நூறுதான்னு எப்படித் தெரியும்?" என்றாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடை போட்டு வாங்குவது நல்லது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். சமையலறைத் தராசு மேஜைக்கு வந்தது.

ரிசர்வ் வங்கியில் இந்த யோசனையை எழுதியவர் வீட்டில் ஒரு ரூபாய்க் காசு ஒரே தினுசில்தான் இருந்திருக்க வேண்டும். 1992லிருந்து வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 4.85 கிராம். 2011ல் வந்தது 3.79 கிராம். 2019ல் வந்தது 3.09 கிராம். நூறு காசு என்றால் 485 கிராமாகவும் இருக்கலாம், 309 கிராமாகவும் இருக்கலாம், கலந்து கட்டினால் இடையில் எதுவாகவும் இருக்கலாம். இதற்கு மேல், 2011ல் வந்த இரண்டு ரூபாய் பழைய ஒரு ரூபாயின் அதே அளவு, அதே 4.85 கிராம். ரூபாயின் மதிப்பு குறைகிறது என்று பொருளாதார நிபுணர்கள் வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தராசிலேயே பார்த்தோம். மனைவி பழைய ஒரு ரூபாயையும் புது இரண்டு ரூபாயையும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "பார்வையில்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள். நல்ல கேள்வி. அந்தப் புகார்களெல்லாம் போய்ச் சேர்ந்துதான் 2019 வரிசையில் பார்வையற்றோர் தடவி அறியும்படி அளவை மாற்றினார்கள், இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள் என்று விளக்கினேன். "அப்ப நடுவிலே இருந்த எட்டு வருஷம்?" என்றாள். கணக்கு டீச்சர்.

அதே வாயால் சட்டத்தையும் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை ஆயிரம் ரூபாய் வரைக்கும் ஒரு கடனைத் தீர்க்கக் கொடுக்கலாம். ஐம்பது பைசாவைப் பத்து ரூபாய் வரைக்கும்தான். அதாவது இருபது எட்டணாவுக்கு மேல் யார் தலையிலும் கட்ட முடியாது. (டெல்லியில் ஒரு எட்டணாவைக்கூடக் கட்ட முடியாது என்பது வேறு. ஐம்பது பைசா இன்றைக்கும் செல்லும். 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போனது நாலணாவும் அதற்குக் கீழும்தான். இதைக் காய்கறிக்காரரிடம் விளக்கினேன். அவர் வெண்டைக்காயைத் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டார்.) மனைவி சட்டத்தை என் கையிலிருந்து வாங்கி 12ஆம் பிரிவுக்குப் போய்விட்டாள். காசை உருக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. மீறினால் ஏழு வருஷம் வரைக்கும் சிறை. சரி. அதோடு, காசு விலைக்கு மேல் விற்கவோ, பணமாகப் புழங்குவது தவிர வேறு காரியத்துக்கோ, நியாயமான தேவைக்கு மிக அதிகமாகக் காசு வைத்திருக்கக் கூடாது. அந்தத் தேவை எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? ஆளுக்கு அன்றாடம் எவ்வளவு காசு தேவை, தொழில் என்ன, காசு எப்படி வந்தது, எங்கே, எந்த விதத்தில் வைத்திருக்கிறான் என்பதையெல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"தொழில்: ரிடையர்டு. காசு வந்த விதம்: ஜூஸ் கடை. வைத்திருக்கும் இடம்: கட்டில் பெட்டியில், ரஜாய்க்கு அடியில்" என்று விரல் மடக்கினாள். "திஹார் ஜெயில் இங்கேர்ந்து பக்கம்தான். சாப்பாடு கொண்டுவரச் சௌகரியம்."

நான் விற்பதற்காக வைத்திருக்கவில்லை என்றேன். ஆனால் விற்கலாமே என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நான் காசு சேர்ப்பது பி பிளாக்கில் பரவியதும், மாலை நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 2012ல் வைஷ்ணோதேவி படம் போட்டு ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் வந்தன. கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சத்தில் போகும் என்று வாட்ஸ்அப் சொல்கிறது. எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் ஒரு ஐந்து ரூபாயைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "உங்களுக்காக நாலு லட்சம்" என்றார். அண்டைவீட்டு உறவு, ஒரு லட்சம் தள்ளுபடி. பழைய காசை வாங்குகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி மோசடி நடக்கிறது, ஏமாறாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்ததை எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, விலையை அடித்துக் குறைக்க நான் கைவசம் அரசாங்கக் காகிதமே வைத்திருப்பதாக முடிவு செய்தார். இப்போது வணக்கம் சொல்வதில்லை.

இன்னொரு நண்பர், "எதுக்கு ஓய் இந்த அவஸ்தை? நாணயச்சாலையே பெட்டி போட்டு செட்டாக விற்கிறதே, இணையத்திலே பணம் கட்டினா வீட்டுக்கு வரும்" என்றார். தூண்டிலோடு குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பவனிடம் மீன் கடைக்கு வழி சொல்கிற பேச்சு.

இத்தனைக்கும் நடுவில் அகப்படாமல் இல்லை. அண்ணா நூற்றாண்டுக்கு 2009ல் வந்த ஐந்து ரூபாய், தமிழில் அவர் கையெழுத்தோடு, ஜூஸ் கடைப் பையில் மாதுளங்கறையோடு கிடந்தது. கேஷியரிடம் காட்டி, இது எங்கள் முதலமைச்சர், இது எங்கள் எழுத்து என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது செல்லுமா?" என்றார். கேட்டது யார், வங்கிக் கேஷியர்! இன்னொரு நாள், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010ல் போட்ட ஐந்து ரூபாய் வந்தது. ராஜராஜன் கட்டிய கோபுரம் உத்தம் நகர் பேட்டரி ரிக்‌ஷாவில் எத்தனை பேரைச் சுமந்ததோ.

வாங்குவது பாதிதான். பார்த்து முடித்த மிச்சக் காசை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மைத்துனன் மாதிரி வேறு வங்கியில் கட்டலாமென்றால், எல்லா வங்கிக்கும் காசுப் பையைக் கண்டதும் பசி எடுக்கிறது. ஜனக்புரியில் இப்போது கோல்கப்பா வண்டியில் கியூஆர் அட்டை, பிச்சை கேட்கிறவரிடமும் அட்டை இருப்பதாகச் செய்தி. பஸ்ஸில் கொடுக்கலாமென்று மனைவியை அனுப்பினால், 2019 அக்டோபரிலிருந்து டெல்லி பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். சின்ன ஒரு ரூபாயை மளிகைக்கடைக்காரர் வாங்குவதில்லை, செல்லாது என்பார். எப்போதிலிருந்து என்றால், "மார்க்கெட் மே சல் நஹி ரஹா" என்பார். மார்க்கெட்டில் ஓடவில்லையாம். ரிசர்வ் வங்கிக்கு மேல் ஒரு மார்க்கெட் இருக்கிறது.

பத்து ரூபாய் டெல்லியில் தாராளமாகப் போகும். அந்த நம்பிக்கையில் ஒரு தடவை கும்பகோணத்துக்குப் போகும்போது ஒரு பை நிறையப் பத்து ரூபாய் எடுத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். ஆக்ராவில் சென்றது. போபாலில் சென்றது. நாக்பூரில் ஆரஞ்சுக்காரர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தாய்மண்ணில் கால் வைத்து, ஒரு டீக்கடையில் காசை வைத்தேன். "ஐயா, இது ஓடாதுங்க" என்றார். பத்துக் கோடு போட்டதுதான் நிஜம், பதினைந்து கோடு போட்டது போலி என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாயில் இதுவரை 14 தினுசு வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று அறிக்கை விட்டது. சந்தேகமென்றால் 14440க்கு அடியுங்கள், பதிவு செய்த குரல் சொல்லும் என்றது. அடித்து டீக்கடைக்காரர் காதில் வைத்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். "அவங்க சொல்லுவாங்க. நாளைக்குப் பால்காரர் வாங்கமாட்டாருங்க" என்றார். அதற்குப் பதில் 14440இல் இல்லை. 2022ல் அரூர்க்காரர் ஒருவர் இந்தக் கோபத்தில்தான் ஆறு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகச் சேர்த்து, சேலத்தில் கொட்டிக் கார் வாங்கினார். என்னிடம் இருந்தது டீ குடிக்கிற அளவுக் கோபம். பையை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஆனால் ஒன்று: அந்த 14 தினுசு அறிக்கையை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பொதுமக்களின் பீதியைத் தணிக்க வெளியிட்டதாக ரிசர்வ் வங்கி நினைத்துக்கொண்டிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது சாமான் பட்டியல். எனக்கு இன்னும் இரண்டு பாக்கி.

கல்யாண சீசன் வந்தபோதுதான் எனக்கு ஒரு போட்டியாளர் கூட்டமே இருப்பது தெரிந்தது. வடக்கே மொய் வைக்கிற லிஃபாஃபாவில், மேலே வலது பக்கமாக ஒரு ரூபாய்க் காசை ஒட்டியே விற்பார்கள். 500 நோட்டை உள்ளே வைத்தால் மங்களகரமாக 501. அந்தக் காசு பளபளவென்று புதுசாக இருக்க வேண்டும். அப்படியென்றால் கவர் செய்கிறவர்களுக்கு ஆயிரக்கணக்கில் புதுக் காசு வேண்டும். சாவடி பஜாரில் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவில் மனைவி கவர் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, நான் அடுக்கிலிருந்து ஒவ்வொரு கவராக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிங்கம் வெளியே, வருஷமும் குறியும் உள்ளே பசையில். நகத்தால் மெல்ல நெம்பினேன்.

"பாபுஜி, ஃபாட் தியா!" என்றார் கடைக்காரர்.

கிழித்ததற்கு விலை கொடுத்தேன். புள்ளிதான். ஆனால் பேச்சுக் கொடுத்ததில், புது ஒரு ரூபாய்க்கு அவர் கையில் தட்டுப்பாடு என்று தெரிந்தது. அவருக்கு வங்கியில் பாக்கெட் கிடைப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும் பழசைக் கொடுக்கிறார்களாம், அழுக்காக. எங்கள் பேட்டைக் கேஷியரோ எனக்குப் புதுசு புதுசாகத் தள்ளி, எங்கள் கட்டில் பெட்டி மூடாமல் நிற்கிறது. நூறுக்கு நூறு, ஒரு பைசா லாபமில்லாமல் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

மனைவி என்னைத் தனியே இழுத்தாள். "பன்னிரண்டாம் பிரிவு" என்றாள். "பணமாப் புழங்கறது தவிர வேறே காரியம்னு அதிலே இருக்கு. கவர்லே ஒட்டறது எந்தக் காரியம்?" மொய்யிலே கை மாறுகிறதே, அது புழக்கம்தான் என்று வாதாடினேன். நல்ல வக்கீல் கிடைத்தால் நிற்கும் வாதம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கட்டில் பெட்டியில் ரஜாய் வைக்க இடம் வேண்டும் என்பதிலும் அவளுக்கு மாற்றுக்கருத்து இல்லை.

அடுத்த வாரம் பத்துப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டு ஆளுக்கு ஒரு காது பிடித்துக்கொண்டு மெட்ரோவில் போனோம். சோதனை மெஷினில் பை போனதும் காவலர் திரையை இருமுறை பார்த்து, என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். மனைவி "கலெக்‌ஷன்" என்றாள். எதற்கு என்றார். "அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று தமிழில் சொன்னாள்.

சாவடி பஜார் கடைக்காரர் பாக்கெட்டுகளைப் பிரித்து, பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து போனார். நாலு கவரை இனாமாகக் கொடுத்தார். பிறகு கல்லாவை இழுத்து, எனக்குத் தர வேண்டிய ஆயிரம் ரூபாயை எடுத்தார். நோட்டாக அல்ல. பத்து ரூபாய் நாணயங்களாக, பல ஊர் பார்த்த, மையும் பசையும் படிந்த நாணயங்களாக, பத்துப் பத்தாக அடுக்கி வைத்துக்கொண்டே போனார்.

"பாபுஜி, எண்ணிக்கோங்க" என்றார்.

நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். மனைவி நாலு கவரையும் எடுத்துக்கொண்டு மெட்ரோவைப் பார்க்க நடந்துவிட்டாள்.